மூன்றாம் ஓலையும் மந்தண முத்திரையும்

செம்மண்குழி,
காரிமங்கலம் வழி.
10.10.2023

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, தமிழாசிரியர் (ஓய்வு) திரு. சின்னப்பன் ஐயா அவர்களின் சமூகத்துக்கு, செம்மண்குழி ஊராட்சிச் செயலர் மரியசூசை பணிந்து எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நான் சுகம், என் மனைவி ராஜமேரி சுகம், மணப்பெண் பிளசி சுகம், போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம். தங்கள் சுகத்தையும், மாப்பிள்ளை ஆரோக்கிய பிரவீன் சுகத்தையும், சம்பந்தியம்மா சகாயமேரி அம்மாவின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். சந்திப்பிழைகள் கண்ணில் பட்டால் சிவப்பு மையை எடுக்காமல் மன்னிக்கவும். போனிலேயே பேசலாம்தான். ஆனால் ஒரு வாரமாக நான் கூப்பிட்டால் தாங்கள் "சரிங்க, சரிங்க, அப்புறம் பேசறனுங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் எழுதலாமென்றால், அதனால் பட்டது எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளின் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்து முடித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் மூன்று தடவை கேட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாரண்டஹள்ளியில் உங்கள் பங்கில் இரண்டு ஓலை ஆனது. மூன்றாவது போன ஞாயிறு வந்திருக்க வேண்டும், வரவில்லை. விசாரித்தால், மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உபதேசியார் சொன்னாராம். அந்த ஓலை வாசிக்காமல் எந்தச் சாமியாரும் தாலியைக் கையில் எடுத்துக் கொடுக்க மாட்டார். கல்யாணமோ நவம்பர் எட்டாம் தேதி. பத்திரிகை அடித்து வந்துவிட்டது. ராஜமேரி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கும் சரியாகப் போடுவதில்லை. அரசாங்க ரகசியத்தை வெளியே விட்டதற்காகச் செம்மண்குழி கிளார்க் (அடியேன்தான்) ஜெயிலுக்குப் போகிறார் என்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பேச்சாம். அது தங்கள் காதில் விழுந்துதான் ஓலையை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மேல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதன் தலையில் 'மந்தணம்' என்று முத்திரை. அந்தச் சொல்லை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் மந்தம் தெரியும். வயிறு மந்தம், வியாபாரம் மந்தம். ஆகவே மந்தணம் என்றால் அவசரமில்லை, மெதுவாகப் பார்த்தால் போதும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நம் அரசாங்கத்துக்கு இத்தனை கருணையா என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவசரமான தாளுக்கு 'அவசரம்' முத்திரை இருக்கும்போது அவசரமில்லாத தாளுக்கும் ஒன்று வேண்டுமல்லவா? தருமபுரிக்குப் போனபோது ரப்பர் ஸ்டாம்பு கடையில் சொல்லி ஒன்று செய்து வாங்கினேன். அன்றிலிருந்து தெருவிளக்கு மனு, நாய்த்தொல்லை மனு, சுடுகாட்டுப் பாதை மனு எல்லாவற்றின் தலையிலும் மந்தணம்தான். மேலே இருந்து மந்தணம் என்று வருகிற கடிதங்களுக்கும் அதே மரியாதை செய்தேன். கட்டின் அடியில் வைத்து, சாவகாசமாக ஒரு மாதம் கழித்துப் பதில் போடுவேன்.

இனி அந்தப் பட்டியல். எந்தத் தெருவுக்கு எந்த நாள் ஒகேனக்கல் தண்ணீர் என்று எங்கள் ஊராட்சியில் ஒரு முறைப்பட்டியல் உண்டு. அதைப் பார்த்துத்தான் டேங்க் ஆபரேட்டர் வேடியப்பன் வால்வைத் திருப்புவார். தலைவர் கோவிந்தன் தெருவுக்குத் தினமும், கடைசித் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை. மறைப்பானேன், என் வீடும் தலைவர் தெருவில்தான். கல்யாணத்துக்கு நாள் குறிக்கத் தாங்கள் வந்தபோது, எப்போது திருப்பினாலும் தண்ணீர் வருகிறதே என்று சகாயமேரி அம்மா வாயாரப் புகழ்ந்தாரே, அந்தக் குழாய்க்கு அந்தப் பட்டியல்தான் காரணம். இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. அலுவலக நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் ஒன்றரை வருஷம் தொங்கியது. ஒரு பல்லி அதன் பின்னால் முட்டையிட்டதைத் தவிர வேறு யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை. அதன் நகல் ஒன்று வீட்டில் என் மேசையில் கிடந்தது. இரண்டிலும் என் முத்திரை. தாங்கள் வந்த அன்று அந்தத் தாள்களை ஒதுக்கித்தான் அச்சு முறுக்குத் தட்டை வைத்தோம். தாங்கள்கூட மாதா மோதிரம் போட்ட விரலால் ஒரு தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துத் தலையாட்டினீர்கள். ஒரு தமிழாசிரியர் என் கையெழுத்தை மெச்சுகிறார் என்று நான் ராஜமேரியிடம் இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் ஊர் வாட்ஸப்பில் அந்தப் பட்டியலின் படம் வந்து விழுந்தது. 'செம்மண்குழியின் மந்தண ஆவணம் கசிந்தது' என்று மேலே எழுதியிருந்தது. ஊரில் யாருக்கும் அந்தச் சொல் விளங்கவில்லை. டீக்கடையில் வைத்து வேடியப்பன் மகள் தேன்மொழியைக் கேட்டார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண், பாவம், கேட்டதற்கு நல்ல மனதோடு பதில் சொல்லிவிட்டது. மந்தணம் என்றால் ரகசியம். அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஒருவரும் திரும்பிப் பாராத தாளை அன்று சாயங்காலத்துக்குள் ஊரே மனப்பாடம் செய்துவிட்டது. நான் பிளசியின் பள்ளிக்கூட அகராதியைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

மேல் அலுவலகம் ஏழு நாளில் விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் போட்டது. கடிதத்தின் தலையில் மந்தணம் என்று இருந்ததால் கை பழக்கதோஷத்தில் அதைக் கட்டின் அடியில் வைத்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து ராஜமேரி பழைய பேப்பருக்காகத் தேடும்போது அகப்பட்டது. அதற்குள் காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு அதிகாரியே நேரில் வந்துவிட்டார். எங்கள் கிராம சபைக்கு வழக்கமாக முப்பது பேர் வருவார்கள், அதில் பத்துப் பேர் பிஸ்கட்டுக்கு. அன்று பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு பேர். ரகசியத்தை நேரில் பார்க்க வந்த கூட்டம்.

கூட்டம் தொடங்குமுன் தலைவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "கிளார்க்கு, போர்டுல இருந்ததுன்னு சொல்லாதீங்க. பீரோவுல பூட்டி வெச்சிருந்தோம், அந்தத் தேன்மொழிப் புள்ள திருடிப் படம் புடிச்சிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. உங்க வூட்டுக் கல்யாணம் நிக்கக் கூடாதில்லீங்களா?"

ஐயா, பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு வரியை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பிளசி கண் முன்னால் வந்தாள். பத்திரிகை வந்தது, பந்தல்காரன் வந்தான். கூடவே தேன்மொழியும் வந்தது. ஒரு திருட்டுக் கேஸ் விழுந்தால் அந்தப் பெண் இந்த ஜென்மத்தில் அரசு வேலைக்குப் போக முடியாது. சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த பெண் மாட்டிக்கொள்ள, தெரியாத நான் தப்பித்துக்கொள்வதா? பேனாவை மூடிவிட்டேன். மேடையேறி மைக்கைப் பிடித்து, முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை, அது ரகசியமே இல்லை, போர்டில் இருந்த தாள்தான், தப்பு என் முத்திரையுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் தெருவுக்குத் தினமும் தண்ணீர் வந்ததையும் சேர்த்தே சொன்னேன். நானூறு பேரும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்காமல், "பதினொரு வருஷமா உங்க ஊர்ப் பதில் மட்டும் ஏன் லேட்டுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

சிரிப்பு அடங்கியதும் கடைசித் தெருக் கருப்பி எழுந்தார். "அப்ப எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வுட்டது ரகசியம் இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா, கண்ணாடிக்குள்ளேயே இருந்தது என்றேன். "ரகசியம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே படிச்சிருப்பமே" என்றார். எல்லாத் தெருவுக்கும் மூன்று நாளைக்கு ஒரு முறை என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கை, ஓர் அகராதி வாங்கும்படி ஓர் உத்தரவு. ஜெயிலும் இல்லை, சஸ்பெண்டும் இல்லை. தேன்மொழி மேல் கேஸும் இல்லை. மகள் தப்பித்த சந்தோஷத்தில் வேடியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஆனால் அன்று எங்கள் தெரு வால்வைத் திருப்பவில்லை. எங்கள் முறை நாளை மறுநாள் என்று சொல்லிவிட்டார்.

தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தை முதன்முதலில் எடுத்து அனுப்பிய மகராசன் யார்? அவனை மட்டும் ஆண்டவர் என் கண்ணில் காட்டட்டும். என் பெண்ணின் கல்யாணத்தில் விளையாடிய அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் நான் பந்தியில் உட்கார மாட்டேன்.

ஐயா, இதுதான் முழு உண்மை. என்னைத் தமிழ் தெரியாதவன் என்று சொல்லுங்கள், தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறேன். பொய்யன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என் அறியாமைக்காகப் பிளசியின் கல்யாணம் நின்றால் என்னால் தாங்க முடியாது. நம் இரு வீட்டின் மேலும் மாதாவின் காவல் இருக்கட்டும். சகாயமேரி அம்மாவுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசீரும். அம்மா மெச்சிய குழாயில் இனி மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்பதையும் அவரிடம் தெரிவித்துவிடவும்.

தங்கள் அன்பை என்றும் வேண்டும்,
அ. மரியசூசை

பி.கு.: உறையில் போடுவதற்குள் பிளசி எடுத்துப் படித்துவிட்டாள். இந்த வீட்டில் எந்த ரகசியமும் தங்காது. படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஊரைச் சுற்றியது ஓரம் வெட்டிய படமாம், இது மாப்பிள்ளை அனுப்பிய வெட்டாத படம். ஓர் ஓரத்தில் எங்கள் வீட்டு அச்சு முறுக்குத் தட்டு. மறு ஓரத்தில் தாளைப் பிடித்திருக்கும் விரலில் ஒரு மாதா மோதிரம். கீழே, தமிழாசிரியர்கள் குழுவுக்கு எழுதிய வாசகம்: 'ஒரு சிற்றூர் அலுவலகத்தில் மந்தணம் என்ற நற்றமிழ்ச் சொல் புழங்குவது கண்டு நெஞ்சம் நிறைந்தேன். எழுதியவர் என் சம்பந்தி!' அந்தக் குழுவிலிருந்துதான் யாரோ வெளியே விட்டிருக்கிறார்கள். கிராம சபை வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து, சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பேன், மூன்றாம் ஓலைக்குத் தடை சொல்ல வேண்டியவனே நான்தான் என்று தாங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதாக மாப்பிள்ளை சொன்னாராம். ஐயா, முப்பத்தொரு வருஷத்தில் என் எழுத்தைப் பார்த்து நெஞ்சம் நிறைந்தவர் தாங்கள் ஒருவர்தான். மகராசனைப் பற்றி மேலே எழுதிய வரிகளை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வரும் ஞாயிறு ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்கும்போது தாங்களும் பேசாதீர்கள், நானும் பேசவில்லை. படம் எடுத்தது யார் என்று கேட்டு அதிகாரி நேற்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அதைக் கட்டின் அடியில் வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் தலையில் அந்த முத்திரையைக் குத்தியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்தே குத்தினேன்.