கொடிக்கம்பியின் சுருதி

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதை நம்பாதவர்கள் உண்டு. ஆனால் நாங்கள் 'தங்கூசி சேர்' என்று கூப்பிடும் வாத்தியாரின் கைபட்டும் பாடாத பொருள் ஒன்று இந்த ஊரில் இருந்ததாக ஒருவரும் சொல்ல முடியாது. தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நைலோன் ஒரு சுருள் எந்நேரமும் அவர் சட்டைப் பையில் கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் சீட்டுக் கம்பியில் கட்டி, இழுத்துச் சுண்டிப் பார்ப்பார். கண்டக்டர் முறைத்தால், "இறுக்கினாச் சத்தம் ஏறும், தம்பி" என்று அவருக்கும் பாடம் நடத்துவார்.

பூமணியக்கா வீட்டில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். அவர் பௌதிகவியல் ஆசிரியர், நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அக்கா சீலை காயப்போடும் கொடிக்கம்பி காற்றில் இரைவதை ஒருநாள் சேர் கேட்டுவிட்டார். ஈரச் சீலை ஏறியதும் அந்த இரைச்சல் இறங்கிவிடுகிறதாம்.

"கனம் கூடினா அதிர்வு குறையும், அக்கா. இன்னும் கொஞ்சம் இறுக்கினாச் சரி" என்று முறுக்கினார். கம்பி கட்டியிருந்த கட்டையே பிடுங்கிக்கொண்டு வந்தது. அக்காவின் கோயில் சீலைகள் எல்லாம் சேற்றில்.

"மறுகா என்ட கம்பியத் தொட்டீங்களெண்டா வேற வீடு பாருங்க, சேர்" என்றார் அக்கா. ஊரில் மற்ற வீடுகளெல்லாம் சேரை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தன. பாவம், மனுசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அக்காவின் மகள் மாலினி கோயிலில் முதல் தடவையாக வயலின் வாசிக்க இருந்தாள். காலையில் ஒரு தந்தி அறுந்துபோனது. கடையும் பூட்டு. பிள்ளை அழுதாள், அக்கா கையைப் பிசைந்தார். சேர் உள்ளே வரப் பயந்து வாசலில் நின்றார்.

"கம்பியத் தொடமாட்டன், அக்கா. தங்கூசி கட்டட்டா?"

மெல்லிய தங்கூசி கீச்சிட்டது. கொடுவா மீனுக்குப் போடும் தடித்ததைக் கட்டினார். கனம் சரி, ஆனால் நைலோன் இழுபட இழுபடச் சுருதி இறங்கியது. உடனே அதைக் கழற்றி மாமரத்தில் கட்டி, நுனியில் அக்காவின் அம்மிக்குழவியைத் தொங்கவிட்டார். "நீளுறதையெல்லாம் இப்பவே நீண்டு முடிக்கட்டும்."

சம்பல் அரைக்க வந்த அக்கா, குழவி மரத்தில் ஆடுவதைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மத்தியானம் சேர் அதை அவிழ்த்துத் திரும்ப வயலினில் பூட்டினார். மாலையில் கோயிலில் முன்வரிசையில் இருந்தார். சுருதி கொஞ்சம் இறங்கினால் விரலை மேலே காட்டுவார். பாட்டு முடிந்ததும் மாலினி ஆணியைத் திருகுவாள். பக்கத்தில் இருந்த பெரியவர், சேர் ஆண்டவனைக் காட்டுகிறார் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் கும்பிட்டார். தங்கூசி கடைசிவரை அறவில்லை. மறுநாள் நண்டுக்கறியில் பெரிய கால் சேரின் தட்டில் விழுந்தது. வேற வீடு என்ற பேச்சு அதோடு போயிற்று; கொடிக்கம்பியை இழுத்துக் கட்டவும் சேருக்குத் திரும்ப இடம் கிடைத்தது.

போன வருடம் சேருக்கு வெல்லாவெளிக்கு மாற்றம் வந்தது. அவர் போனபின் கொடிக்கம்பி தொய்ந்துபோய்க் கிடந்தது. போன கிழமை நான் அதை இழுத்துக் கட்டியபோது பூமணியக்கா பக்கத்தில் வந்து காதைக் கொடுத்து நின்றார்.

"இன்னும் இறுக்குங்க, தம்பி."

"கட்டை பிடுங்குப்பட்டுடும், அக்கா."

"பிடுங்குப்பட்டாப் பரவாயில்ல. சேர் இங்க இருக்கக்குள்ள கேட்ட சத்தம் வரட்டும்."