சத்தியவாக்கு சுவாமிகளின் கட்டைவிரல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக்குள் ஆட்டோ நுழையாது. ரோட்டுப் பள்ளம் காரணமல்ல. பள்ளத்துக்கு நாம் எப்போதோ பழகிவிட்டோம். காரணம் சத்தியவாக்கு சுவாமிகள். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் தாலி கட்டினால் மட்டும் போதாது. பெண்ணும் பையனும் தாங்களே எழுதிய உறுதிமொழியை மேடையில் மைக் பிடித்து வாசிக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு நல்ல வழக்கம் ஊருக்குள் வந்தால், அதன் பின்னாலேயே ஒரு சாமியாரும் வந்துவிடுகிறாரே! நம் சுவாமிகள் பூர்வாசிரமத்தில் பிச்சை என்ற பெயரில் கல்யாண வீடியோவுக்கு லைட் பிடித்தவர். எந்த மாமியார் எதற்கு முறைப்பாள் என்பதை நல்ல வெளிச்சத்தில் பார்த்துப் படித்தவர்.

சோதனை இதுதான். உறுதிமொழித் தாளை மடித்து, மேலே மஞ்சள் பூசி, ஆணும் பெண்ணும் தனித்தனியே நீட்ட வேண்டும். சுவாமிகள் பிரித்துப் படிக்க மாட்டார். ஞானக்கண் இருக்கும்போது ஊனக்கண் எதற்கு? தாளைத் தீர்த்தத்தில் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் உண்மை வாக்கு. சிவந்தால் பொய் வாக்கு, தாலிக்கு ஆபத்து. இதுவரை ஒரு மாப்பிள்ளையின் தாள்கூடச் சிவந்ததில்லை. மட்டாஞ்சேரி ஆண்கள் இத்தனை சத்தியவான்கள் என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கே புதுச் செய்தி.

சிவந்தால் பரிகாரம் உண்டு. பெண் தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுவாமிகள் அச்சடித்து விற்கும் உறுதிமொழியை வாங்க வேண்டும். 'கணவன் சொல் தட்டேன், மாமியார் மனம் கோணேன்' என்று ஆரம்பிக்கும். பிறகு அந்தச் சிவப்பின் மேல் எலுமிச்சம்பழம் பிழிவார். திரும்ப மஞ்சளாகிவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அன்று ஜிஷாவின் தாள் சிவந்தது. அவளுக்குக் களமசேரியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மாப்பிள்ளை அனூப், வெலிங்டன் தீவில் கிடங்கு குமாஸ்தா. இருவரையும் சோதனைக்கு இழுத்து வந்தவள் அவன் தாய் அம்மிணி.

"கண்டியாடா? மோள் என்னமோ பொய் எழுதியிருக்கா," என்றாள் அம்மிணி.

"பொய் ஒண்ணும் இல்லம்மா. வேலையை விடமாட்டேன், வீட்டு வேலை ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு எழுதினேன்," என்றாள் ஜிஷா.

சுவாமிகள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "வேலையிலதான் தோஷம். அதை விட்டா தாலி நிக்கும்."

"விடலைன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்," என்று அம்மிணி முடித்துவிட்டாள். அனூப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜிஷாவுக்குத் தாள் சிவந்ததைவிட அந்தச் செருப்புப் பார்வைதான் அழுகையை வரவழைத்தது.

ஜிஷாவுடன் வந்த அவள் அத்தை காளியம்மைக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. தெருவில் எந்தக் கல்யாணமானாலும் ஆரத்தி கரைப்பது அவள்தான். அவளும் அன்று பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"இருபது வருஷமா இந்தக் கையால சிவக்க வைக்கிறேன். அங்க போய்க் கன்னத்துல போட்டுக்கிட்டேனே, என்னை எதால அடிக்கிறது?" என்று ஜிஷாவிடம் கேட்டாள். வெற்றிலை போடுகிறவர் விரலில் சுண்ணாம்பு இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அன்றைக்கே அனூப்பைச் சாயாக்கடைக்கு வரவழைத்தாள். "உனக்கு இவ வேணுமா, வேண்டாமா?"

"வேணும் அத்தை."

"அப்ப நீ வாயைத் திறக்க வேண்டாம். அது உனக்கு வராது. நான் சொல்ற தாளை நீட்டு, போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை. காளியம்மை கூட்டத்துக்கு நடுவே சத்தமாகச் சொன்னாள். "சுவாமி, இவ வேலையை விடமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கிறா. இன்னொரு தடவை சோதிச்சிருங்க."

அனூப்பின் தாள் மஞ்சளாகவே இருந்தது. ஜிஷாவின் தாள், சொல்லவா வேண்டும், செக்கச்செவேலென்று சிவந்தது.

காளியம்மை இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"பிரிக்கக் கூடாது," என்றார் சுவாமிகள்.

"ஏன், ஞானக்கண் கூசுமா?" என்று கேட்டு, ஈரத்தாள்களைப் பிரித்து அம்மிணியிடம் கொடுத்தாள். "சேச்சி, நீங்களே வாசிங்க."

அம்மிணி சிவந்த தாளை வாசித்தாள். "கணவன் சொல் தட்டேன், மாமியார் மனம்..." சுவாமிகளே அச்சடித்து விற்கும் தாள் அது. அடுத்ததில் அனூப்பின் உருண்டை மலையாளக் கையெழுத்து. "மத்தி ஒரு கிலோ. சின்ன உள்ளி அரைக் கிலோ. அம்மாவுக்கு முட்டுவலித் தைலம்."

கிடங்கே சிரித்தது. ஒரு கிலோ மத்தி சத்திய வாக்காம். சுவாமிகள் சொந்தமாக எழுதியது பொய் வாக்காம்.

"அது... பொண்ணோட கை தோஷம்," என்று தடுமாறினார்.

காளியம்மை அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள். அம்மிணி அதில் கட்டைவிரலைத் தொட்டு, மகனின் மத்தியை அழுத்தினாள். மத்தி சிவந்தது. காளியம்மை எலுமிச்சம்பழம் பிழிந்தாள். மத்திக்குத் தோஷம் நீங்கியது. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சுவாமிகளைக் காணோம். வேலை முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டு நழுவுவது அவருக்குப் பழைய பழக்கம்தானே.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. ஜிஷா ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தன் உறுதிமொழியை மைக்கில் வாசித்தாள். அடுத்து அனூப், செருப்பைப் பார்க்காமல் அவளைப் பார்த்து வாசித்தான். "தோசை சுடக் கத்துக்குவேன். சண்டை வந்தா அம்மாவுக்குப் போன் பண்ண மாட்டேன்." அம்மிணி முறைத்தாள். நல்ல முறைப்பு. லைட் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

காளியம்மை ஆரத்தி சுற்றி, எல்லார் நெற்றியிலும் அந்தச் சிவப்பைத் தொட்டு வைத்தாள். அம்மிணியும் நெற்றியைக் காட்டினாள். வீட்டுத் தட்டில் மங்கலமாக இருக்கும் இதே சிவப்பு மிளகுக் கிடங்கில் மட்டும் எப்படித் தோஷமானது என்று இத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் கேட்கவில்லை. ஐயா, அம்மா, நெற்றி பொட்டு வைப்பதற்கு மட்டும் உள்ள இடமல்ல. அதற்குப் பின்னால் மூளை என்று ஒன்று இருக்கிறது. சும்மாதான் கிடக்கிறது. அதையும் கொஞ்சம் எடுத்துப் புழங்குங்கள்.