ஃபார்மிக் ஆசிட்டில் எறும்பு உண்டா?

எங்கள் தோட்டத்து நிர்வாக விதிப்படி, வதந்தி பரப்பி வேலையை நிறுத்துகிறவரிடம் ஏழு நாளில் விளக்கம் கேட்டு, வேலையை விட்டு நீக்கலாம். எண்பதுகளில் ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, அந்த விதிக்கு முழுத் தகுதியோடு வந்தவர் ஒருவர்தான். எல்லோரும் அவரை எறும்பு என்பார்கள்.

எங்கள் பக்கத்து ஊர்களில், ராசா முதல் பாசிர் பெனம்பாங் வரை, ஒரு சொல்லின் பிறப்பை விசாரித்துச் சோற்றை மறந்த மனிதர் வேறு யாரும் கிடையாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைக் கலப்பது அவர் வேலை. ரவாங்கில் பழைய அகராதி ஒன்று வாங்கிவந்தார். 'ஃபார்மிக்' என்பது எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். முதன்முதலில் அந்த ஆசிட்டை எறும்பைக் காய்ச்சித்தான் எடுத்தார்களாம். மறுநாளிலிருந்து ஆசிட் டிரம்முக்குக் காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். பெயர் அப்படி ஒட்டியதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். உறைந்த பாலைக் கையால் எடுத்து மெஷினில் விடும் பெண்கள் புரட்டாசி விரதத்தில் இருந்தார்கள்; அவர்களிடம் போய் விளக்கினார்.

"என்னாண்ணே, கவுச்சிய விட்டுட்டு எறும்புச் சாத்துல கைய வைக்கணுமா?" என்றாள் அஞ்சலை. அவள் சொன்னால் மற்றவர்களுக்கு அதுவே தீர்ப்பு.

"அது அந்தக் காலம் லா. இப்ப பேக்டரியில செய்றான். பேரு மட்டுந்தான் எறும்பு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். யோசித்துவிட்டு, "பாக்கலம்மா," என்றார்.

பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள்.

தோட்டத்து மேனேஜரான துரை விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். எறும்புக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீடு ஆயுசுக்கும் அவருக்கு. நீக்கினால் அன்றே காலி செய்ய வேண்டும். மன்னிப்பு எழுதச் சொன்னேன்.

"வீட்ட எடுத்துக்கட்டும், கிராணி ஐயா. அகராதியில உள்ளத பொய்யின்னு எழுத மாட்டேன்."

அதே விதியின் கீழ்ப்பகுதியை யாரும் படிப்பதில்லை. சொன்னது உண்மையா என்ற விசாரணை நிலுவையில் இருந்தால், பதில் வரும்வரை நடவடிக்கை கூடாது. 'உங்கள் ஆசிட்டில் எறும்பு உண்டா?' என்று வெளிநாட்டில் இருந்த தயாரிப்பாளருக்கு முறைப்படி மூன்று பிரதி எழுதி, கப்பல் தபாலில் அனுப்பினேன். புரட்டாசி முடியும்வரை பெண்களின் வேலையையும் எறும்பே செய்தார். முடிந்ததும் அவர்கள் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

துரை வாரம் தவறாமல் கேட்பார்: "பதில் வந்ததா?"

"கடல் பெரிசுங்க, துரை."

மூன்றாம் மாதம் வந்த பதில் ஒரே வரி: எங்கள் ஆசிட்டில் எறும்பு கிடையாது. துரை பார்த்திருந்தால் விசாரணையோடு எறும்பின் கதையும் அன்றே முடிந்திருக்கும். நாலு மாதம் அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. முப்பது வருட வேலையில் நான் பொய்யாகக் குத்திய முத்திரை அது ஒன்றுதான். பதில் பெறப்பட்ட நாள்: எறும்பு ஓய்வு பெற்ற மறுநாள்.