கால் ஊன்றாப் படலம்

வாழிய, வாழிய! காப்பீட்டுக் கிளை அலுவலகத்தின் துணை மேலாளர் வாழிய! கார்பன் சட்டகத்துக் கரும்புரவி ஏறிய கோமான், கழுத்து முதல் முழங்கால் வரை இறுகிய உடையினுள் இறுக மறுத்த தொந்தியைத் தாங்கிய திண்தோளர், மழித்த காலும் மஞ்சள் கண்ணாடியுமாய் ஞாயிறுதோறும் கதிரவனை முந்தி எழும் காற்சக்கர வேந்தர் வாழிய! பெரும்போர் பாடியவர்களின் நாவில் வந்து குடியிருந்த சொல்லின் தேவியே, நீ இருந்த இடத்திலேயே இரு. இந்தக் கதைக்காக எழுந்து வருவது உனக்குத்தான் கௌரவக் குறைச்சல். நாங்களே சமாளித்துக்கொள்கிறோம்.

காண்க அந்தத் தொல்நகரை! மன்னர் பலர் ஆண்டு, மாற்றார் பலர் முற்றுகையிட்டு, இன்று புறாக்கள் மட்டும் குடியிருக்கும் கோட்டை மதில். அம்மதிலைச் சுற்றி வளைந்து, பாறை தழுவி, பள்ளத்தாக்கில் இறங்கி, நாணல் விலக்கி நடக்கும் ஆறு. ஆற்றுக்கு அப்பால் அடுக்கடுக்காய் எழுந்த குன்றுகள். அக்குன்றுகளின் மேல் சரளைக்கல் பரந்து கிடக்கும் பழைய படைவழிகள். ஒரு காலத்தில் வேலேந்திய வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழிகளில் ஏறினார்கள். அவர்களுக்காவது மேலே போனால் ஒரு நாடு கிடைக்கும் என்ற காரணம் இருந்தது. இன்று அதே வழியில், கண்ணைக் கூசும் நிறத்தில் சட்டை அணிந்த ஐந்து பேர், மேலே போனால் கீழே வர வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்தும் சைக்கிளில் ஏறுகிறார்கள்.

இவ்வைவர்க்கும் ஒரு சட்டம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, கோட்டையின் பின்வாயிலுக்கு ஏறும் சரளைச் சரிவில் அனைவரும் ஒன்றாய்ப் புறப்பட வேண்டும். எவர் கால் தரையைத் தொடுகிறதோ அவர் வீழ்ந்தவர். கடைசிவரை கால் ஊன்றாதவர் வழித்தலைவர். அடுத்த ஓராண்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை எந்த வழியில் போவது என்று அவர் சொல்வதே வேதம். மற்றவர்கள் மறுபேச்சின்றிப் பின்னால் மிதிக்க வேண்டும். பொன்னும் மணியும் இல்லாத இந்த மகுடத்தை நம் வீரர் இரண்டு ஆண்டுகளாய்ச் சுமந்துவந்தார். சென்ற ஆண்டு ஏறும்போது அவருடைய முழங்கை மதிலில் உராய்ந்து பெரும் சர்ச்சை எழுந்தது; உடனே, "கால் என்றால் கால் மட்டுமே; கை, முழங்கை, ஏனைய உறுப்புகள் கணக்கில் சேரா" என்று அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்து, அவரே வழிமொழிந்து, அவரே நிறைவேற்றினார். இழப்பீடு கேட்டு வருபவர்களை உட்பிரிவு காட்டித் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவருக்கு அது கைவந்த கலை.

சிரிக்காதீர்கள். அந்த மகுடம் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது? அலுவலகத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னாலிருக்கும் ஜன்னலை அவரைக் கேட்காமல் திறப்பார்கள், கேட்காமல் மூடுவார்கள். கூட்டத்தில் அவர் ஒரு யோசனை சொன்னால், "அப்புறம்?" என்று மேலாளர் பக்கத்து ஆளைப் பார்ப்பார். வீட்டில் டிவி ரிமோட் அவர் கைக்கு வருவதே பேட்டரி மாற்றத்தான். தன் சொல் கேட்டு நான்கு பேர் திரும்பும் இடம் இந்த உலகில் அவருக்கு அந்தக் குன்றுகளில் மட்டுமே இருந்தது.

ஆனால் ஆண்ட லட்சணத்தையும் சொல்ல வேண்டுமே. ஆற்றோரமாய், மரநிழலில், மெத்தென்ற மண்ணில் ஒரு பாதை கூப்பிடு தூரத்தில் கிடக்க, அதைக் "குழந்தைகள் ஓட்டும் வழி" என்று தள்ளிவைத்தார் தலைவர். முள்ளும் பாறையுமாய்க் குன்று தாண்டிக் குன்று தாண்டி, சைக்கிள் தம்மைச் சுமக்கும் என்று நம்பி வந்தவர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்த வழிகளே அவர் ஆட்சியின் சாதனைகள். ஓய்வுபெற்ற தபால் அதிகாரிக்கு இடுப்புப் போயிற்று. பேக்கரிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. வேதியியல் ஆசிரியைக்குப் பொறுமை போயிற்று. மூவரும் முணுமுணுத்ததோடு சரி. சட்டம் சட்டம்தானே என்று பின்னால் மிதித்தார்கள்.

இந்நிலையில் தோன்றினான் எதிரி. வெளியாள் அல்லன், மனைவியின் உடன்பிறந்த தம்பி, பல் மருத்துவன், அந்த ஆண்டுதான் கூட்டத்தில் சேர்ந்தவன். யாரோ ஓட்டிச் சலித்து விற்ற பழைய சைக்கிள், காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, ஹாண்டில்பாரில் கிணிங் என்று ஒரு மணி. அந்த மணியைக் கண்டு நம் வீரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எடை குறைக்கிறேன் பேர்வழி என்று தம் புரவியின் மணியைக் கழற்றி எறிந்து, திருகாணிகளை மாற்றி, தண்ணீர்ப் பாட்டிலைப் பாதியாக்கிய தவசீலர் அவர். இரவில் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடுவதை மட்டும் எடைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய ஷூவோ பெடலோடு 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் வகை. குதிகாலை வெளிப்பக்கம் திருகினால்தான் விடும். புரவியும் வீரனும் ஓருடல் என்று அதற்கு அவர் விளக்கம் சொல்வார்.

போர்நாள் புலர்ந்தது. சரிவின் அடியில் நின்று, வலக்கை உயர்த்தி, வீரர் முழங்கினார்: "என் கால் இன்று மண்ணைத் தொடாது! தொட்டால், இனி நான் சைக்கிளையே தொட மாட்டேன்!"

"பாத்து ஏறுங்க அத்தான், மேல கல்லு ரொம்பப் பேந்து கிடக்கு," என்றான் மைத்துனன். அந்த அக்கறை வீரருக்குச் சுருக்கென்று தைத்தது.

பிறகு நிகழ்ந்ததை எங்ஙனம் உரைப்பது! சங்கிலிகள் கறகறக்க, சரளைகள் தெறிக்க, புறாக்கள் மதிலைவிட்டுப் பதறிப் பறக்க, புழுதி எழுந்து புருவத்தில் படிய, ஐவரும் ஏறினர். தபால் அதிகாரி முதல் வளைவிலேயே கால் ஊன்றினார். ஊன்றிய முகத்தில் விடுதலைதான் தெரிந்தது. பேக்கரிக்காரர் அவருக்குத் துணையாக ஊன்றினார். ஆசிரியை அடுத்த வளைவில் சக்கரம் வழுக்கிக் கால் ஊன்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடுவராகப் பின்தொடர்ந்தார். எஞ்சியவர் இருவர். முன்னே வீரர், முக்கி முனகி, முகம் சிவந்து, முதுகு நனைந்து, பின்னே மைத்துனன்.

கடைசி வளைவு. பெயர்ந்த கற்களுக்கு நடுவே ஒரு சக்கரம் போகுமளவு மட்டும் கெட்டியான தடம். அத்தடத்தின் நட்டநடுவில், நான்கு கால்களையும் நீட்டி, நாடாண்ட மன்னரெல்லாம் எனக்குத் தூசு என்ற தோரணையில் உறங்கிக்கொண்டிருந்தது ஒரு பழுப்பு நாய். அடிக்க மணி இல்லை. அதட்ட மூச்சு இல்லை. வீரர் வேகம் குறைத்தார், ஊர்ந்தார், நின்றார். நின்ற சைக்கிள் எவ்வளவு நேரம் நிற்கும்? ஊன்றாதே, ஊன்றாதே என்று காலுக்கு ஓயாமல் உபதேசம் செய்து வைத்திருந்தாரல்லவா, ஊன்றியே தீர வேண்டிய அந்தக் கணத்தில் குதிகால் திருகவே மறந்துவிட்டது. வேரற்ற பெருமரமென, விதிகள் வகுத்த வித்தகர், குன்றங்கள் வென்ற கோமான், மெல்ல, மிக மெல்ல, எல்லாரும் நன்றாகப் பார்க்கும்படி, இடப்பக்கமாய்ச் சாய்ந்து சைக்கிளோடு ஓரச் சரளையில் விழுந்தார். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

பின்னால் வந்த மைத்துனன் மணியை ஒருமுறை தட்டினான். நாய் எழுந்து, சோம்பல் முறித்து, ஒதுங்கிப் போயிற்று. தடம் திறந்தது, மேலே கோட்டை வாயில் தெரிந்தது, இன்னும் நாலு மிதி மிதித்தால் மகுடம் அவனுடையது. கீழே நின்ற தபால் அதிகாரி ஆற்றோர மரநிழலை இப்போதே அனுபவிப்பவராய்க் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அந்த மடையன் நின்றான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்டியிட்டான்.

"அத்தான், அடி கிடி பட்டுச்சா? காலைத் தளர்த்துங்க, நான் கழட்டி விடறேன்."

"தொடாதே!" என்றது சரளைக்குள்ளிருந்து ஒரு குரல். இடுப்பில் கல் குத்த, காதில் மண் ஏற, ஹெல்மெட் ஒரு கண்ணை மறைக்க, அந்நிலையிலும் வீரர் உட்பிரிவை மறக்கவில்லை. "என் கால் பெடல்லதான் இருக்கு. டீச்சர், வந்து பாருங்க! இடுப்பு பட்டா கணக்கில்ல, தோள் பட்டா கணக்கில்ல, போன வருஷமே பேசி முடிச்சாச்சு. இவன் கால் எங்க இருக்கு, அதைப் பாருங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். மைத்துனனின் கான்வாஸ் ஷூ இரண்டும் மண்ணில் அழுத்தமாகப் பதிந்திருந்தன. ஆசிரியை குனிந்து, ஒரு காய்ந்த இலையை எடுத்து, வீரரின் இடது ஷூவுக்கும் அதன் கீழிருந்த கல்லுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். இலை நுழைந்தது. நிமிர்ந்து, கீழே கிடந்த அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"சட்டப்படி நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றார்.

மைத்துனன் அவருடைய ஷூக்களைப் பெடலிலிருந்து விடுவித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணையும் தட்டிவிட்டான். உள்ளுக்குள் எதுவோ ஒன்று, நன்றி சொல் என்று வீரரிடம் சொன்னது. அவர் ஜெயித்த அவசரத்தில் இருந்தார்.

ஆர்த்தன முரசங்கள், அவர் காதுக்குள்! பொழிந்தன பூமாரிகள், அவர் கண்ணுக்குள்! கிழிந்த முழங்கையும் கோணிய ஹெல்மெட்டுமாய், கோட்டை வாயிலை நோக்கிச் சைக்கிளை நொண்டி நொண்டித் தள்ளிச் சென்று, உடைந்த படியொன்றின் மேல் ஏறி நின்று, மூன்றாம் முறை முடிசூடிய வழித்தலைவர் ஆணையிட்டார்: "கேளுங்கள்! வரும் ஞாயிறு விடியுமுன் பாலத்தடியில் கூடுவோம்! பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, முட்காட்டை ஊடறுத்து, அதோ, அந்த உச்சிக் குன்றை ஏறுவோம்! அஞ்சுபவர் எவரும் என்னுடன் வர வேண்டாம்!" அந்த ஆணை மதிலில் மோதி, பள்ளத்தாக்கில் உருண்டு, ஆற்றைத் தாண்டி, அக்கரைக் குன்றுகளில் அதிர்ந்து, எண்திசையும் நிறைத்து, விண்ணும் மண்ணும் வியக்க விம்மி எழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக்கு அவரைத் தவிர யாரும் வரவில்லை.