குப்பையில்லாக் காட்டில் கதிரேசன் போட்ட பந்தி

ஒரு காட்டில் குப்பையே இல்லாமல் இருந்தது. மான் விட்டதை முயல் தின்றது, முயல் விட்டதைப் புழு தின்றது, புழுவைக் காட்டுக்கோழி கொத்தியது. கோழிக்கு என்ன ஆனது என்று சொல்லவே வேண்டாம். எல்லாரும் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டு, அது ஒரு சாதனை என்றுகூடத் தெரியாமல் படுத்துத் தூங்கினார்கள்.

இந்தக் காட்டுக்குத்தான் கதிரேசன் என்ற கடுவன் குரங்கு திரும்பி வந்தான். அடிவாரக் கோயிலில் பக்தர்கள் கையிலிருந்து தேங்காய் மூடி பிடுங்கிப் பல காலம் வாழ்ந்தவன். அங்கே சுற்றுச்சூழலைப் பற்றி அடிக்கடி யாராவது மைக்கில் பேசுவார்கள். பேச்சு அவன் மண்டையில் ஏறவில்லை. பேசியவர்களுக்குச் சால்வை போர்த்தியது மட்டும் நன்றாக ஏறியது.

கூடவே மனைவி பேச்சியும், அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டியும். ஓடையோரப் புரசமரத்தில் குடியேறினார்கள். இலை அடர்ந்த மரம். கீழே சிறுத்தை நடந்து போனாலும் மேலே யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பேச்சி வீடு தேடியபோது அதை மட்டும்தான் பார்த்தாள்.

"இந்தக் காட்டைக் காப்பாத்தப் போறேன்," என்றான் கதிரேசன்.

"எதுகிட்டேருந்து?"

அங்கேதான் இடித்தது. யோசித்துப் பார்த்துவிட்டு காட்டுக்கு வெளியே அருவிப் பக்கம் போனான். சுற்றுலா வந்தவர்கள் வீசியிருந்த பிளாஸ்டிக் தட்டுகளை மூட்டை கட்டி வந்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தான். "மண்ணுல வச்சா திங்கிறது? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க."

மிருகங்களுக்கு வெட்கமாகிவிட்டது. தட்டில் தின்றார்கள், தட்டை ஓடையில் போட்டார்கள். ஓடை அடைத்துக்கொண்டதும் கதிரேசன் பாறை மேல் ஏறினான்.

"பார்த்தீங்களா, பிளாஸ்டிக் நம்ம காட்டை என்ன பண்ணிருச்சுன்னு."

"நீங்கதானே அண்ணே குடுத்தீங்க," என்றான் முத்தையா என்ற மான்.

"அதனாலதான் தம்பி, அந்த வலி உங்க எல்லாரையும்விட எனக்கு அதிகம்."

தொழில் தொடங்கியது. தையல்சிட்டுகளைக் கூட்டி மகளிர் குழு அமைத்தான். புரச இலையை ஈர்க்குச்சியால் தைத்துத் தட்டு. முத்தையா முதல் தட்டில் புல்லைத் தின்றான், பிறகு தட்டைத் தின்றான்.

"தட்டு பிரமாதம் அண்ணே. மேல வச்ச புல்லுதான் சுமார்."

மிச்சம் என்று எதுவுமே இல்லை. கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மான்கள் வேளைக்கு நாலைந்து தட்டு கேட்டன. காட்டில் புரசமரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. கதிரேசனுக்குப் 'பசுமைக் காவலர்' விருது தருவதென்று முடிவாயிற்று. தலைமை, சிறுத்தையார். விருந்துச் செலவு, விருது வாங்குகிறவருடையது.

புரசமரங்களில் இலையோடு மிஞ்சியிருந்தது அவன் வீட்டு மரம் ஒன்றுதான்.

"இதுல மட்டும் கை வைக்காதீங்க," என்றாள் பேச்சி. "பிள்ளை இருக்கான்."

"ஒரே ஒரு விருந்து. திரும்பத் துளிர்த்துரும். புதுப்பிக்கத்தக்க வளம்னு இதைத்தான் சொல்றது."

"துளிர்க்கிற வரைக்கும் சிறுத்தை கண்ணை மூடிக்கிட்டு நடக்குமா?"

"அவரே நம்ம விருந்தாளி. நம்ம மேலயே கை வைப்பாரா?"

பேச்சி குட்டியைத் தூக்கி வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"புளியமரத்துக்கு. அந்த இலையில ஒரு பருக்கை நிக்காது. எந்த மகான் வந்தாலும் அதைத் தைக்க மாட்டான்."

விழா அன்று மொட்டை மரத்தடியில் பந்தி போட்டார்கள். கதிரேசன் கழுத்தில் சாமந்தி மாலை. சிறுத்தையாரை முதல் வரிசையில் உட்காரவைத்து, இரண்டடுக்காகத் தைத்த இலையைப் போட்டு, அவனே தண்ணீர் தெளித்தான். அத்திப்பழம் வந்தது, கிழங்கு வந்தது, தேன் வந்தது.

"இதெல்லாம் நான் சாப்பிடறதில்லையே," என்றார் சிறுத்தையார்.

"முழுக்க சைவம் ஐயா. பூமிக்கு நல்லது."

"நல்லதுதான், இல்லைங்கல. ஆனா இலை போட்டு உக்காரவச்சிட்டீங்களே. வெறும் இலையிலேருந்து எந்திரிச்சா உங்களுக்குத்தானே அசிங்கம்."

"அண்ணே, கை கழுவிட்டு வந்துர்றேன்," என்று முத்தையா எழுந்தான். போகும்போது தன் இலையையும் வாயில் கவ்விக்கொண்டான்.

கதிரேசன் அவன் பரம்பரையே செய்து வந்ததைச் செய்தான். ஒரே தாவில் மரத்தின் உச்சிக்குப் போய், மறைந்துகொள்ள ஒரு கிளையை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். கிளை இருந்தது. இலை இல்லை. வானத்துக்கு எதிரே அவன் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மாலை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சிறுத்தையார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் குரலே தழுதழுத்தது. "இத்தனை வருஷம் மோப்பம் பிடிச்சு, பதுங்கி, எவ்வளவு சக்தியை வீணாக்கியிருக்கேன். உண்மையிலேயே பெரிய சேவைங்க இது."

பிறகு நிதானமாக ஏறினார்.

விருந்தை அவர் இலையில் வைத்தே சாப்பிட்டார். முடித்ததும், திருப்தியான விருந்தாளி செய்கிற மாதிரி, இலையைத் தன் பக்கமாக மடித்தார். அந்த இலையை முத்தையா தின்றான். விருதையும் சால்வையையும் சிறுத்தையாரே எடுத்துக்கொண்டார். வாங்க வேண்டியவர் அப்போது அவருக்குள்தான் இருந்தார் என்பதால் யாரும் அதை முறைகேடு என்று சொல்லவில்லை.

புளியமரத்தில் பேச்சி குட்டியின் கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

"உங்கப்பா சொன்னதைச் செஞ்சுட்டார்டா," என்றாள். "ஓடையில அவர் கொண்டுவந்த தட்டு கிடக்கே, அதைத் தவிர இந்தக் காட்டுல ஒரு துரும்பு குப்பை கிடையாது."

நீதி: எதையும் வீணாக்காத தொழிலதிபர் ஒருநாளும் வீணாகப் போவதில்லை.