வேரைப் பார்க்காமல் சொல்ல முடியாது

செடிக்குப் பெயர் கண்டுபிடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். மற்றவர்களெல்லாம் பூவைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இவர் மட்டும் குனிந்து, கழுத்து சுளுக்க, அதன் அடிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார். இவருக்குப் பூவின் முகம் வேண்டாம், முதுகுதான் வேண்டும். சூரியகாந்திக் குடும்பத்துப் பூவைக் காட்டி, தவறியும் இவரிடம் 'ஒரு பூ' என்று சொல்லிவிடாதீர்கள். அது நூறு பூக்கள் சேர்ந்த தலையாம். நாம் இதழ் என்பதே தனிப் பூவாம். இது தெரியாமல் இத்தனை நாள் எப்படித்தான் சோறு இறங்கியதோ நமக்கு?

நம் பல் டாக்டர் அந்த இனம். அவருடைய கிளினிக்கில் நோயாளி வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருக்கும் நாற்காலிக்கு எதிரே, ஜன்னலுக்கு வெளியே, ஒரு செடி தானாக முளைத்து ஆளுயரம் தாண்டி நின்றது. கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றியவர் டாக்டரின் மனைவி. அது மஞ்சளாகப் பூத்த அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றுதான் கட்டடத்துக்காரரும் அதைப் பார்த்தார். சனிக்கிழமை களை வெட்ட ஆள் வருகிறது, இது இந்த மண்ணின் செடிதான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றார்.

"ஏங்க, களை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி.

"பார்க்காம எப்படிச் சொல்றது?"

பார்த்தார். இலை விளிம்பைப் பார்க்க மேலே நாலு, நடுவில் நாலு, கீழே நாலு பறித்தார். பூத்தலைகளை நறுக்கி இடுக்கியால் பிரித்தார். தண்டு உள்ளே பொள்ளலா, கெட்டியா என்று கீறிப் பார்த்தார். புத்தகங்கள் மூன்று பெயர் சொல்லின. போனில் படம் எடுத்துக் கேட்டார். அது அவருடைய கட்டைவிரலைப் பார்த்து, கிழங்கு வகை என்றது. வெள்ளிக்கிழமை வேர்தான் பாக்கி. பிடுங்குவதில் டாக்டர் கைராசிக்காரர், ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

நோயாளிகள் கொப்பளிக்கும் தொட்டியில் வேரைக் கழுவி, லென்ஸில் பார்த்தவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. வேரும் கையுமாக மனைவியிடம் ஓடினார்.

"சந்தேகமே இல்ல, நம்ம மண்ணோட செடி. இதை யாரும் தொடக் கூடாது."

மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

"எதை?" என்றார்.

கட்டடத்துக்காரர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் வந்த ஆள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அந்தக் குழியை மட்டும் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு போனான். மனைவி இன்னும் டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான். டாக்டர் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். யாருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நீங்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அநியாயமாக ஒரு செடி போயிற்றே என்று உச்சுக் கொட்டுவதற்கு முன்பு, 'அதெல்லாம் சரி, அதன் பெயர் என்ன?' என்று உங்கள் மனம் கேட்டதா இல்லையா?