ஆணிவேணாம் செய்த பெட்டி

ஆம்பூரில் நான் பார்த்த மனிதர்களிலேயே இரும்பாணியை ஜென்ம விரோதியாக நினைத்தவர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. ‘ஆணிவேணாம்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. அதே ஷாப்பில் நான் குமாஸ்தா. வீடும் அடுத்த வீடு. தோலை ஒரு தடவு தடவி ‘முதல் தரம்’, ‘ரெண்டாம் தரம்’, ‘கழிவு’ என்று வீசுவார். வீட்டிலும் அதே பழக்கம். மனைவி ராஜம்மா வைக்கிற குழம்பு பெரும்பாலும் ரெண்டாம் தரம். மைத்துனர் கழிவு. இந்த உலகத்தில் முதல் தரம் அவருடைய மகள் கனகம் ஒருத்திதான்.

அந்தக் கனகத்தைப் பெண் பார்க்க ஆற்காட்டிலிருந்து வந்தார்கள். பேச்செல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் தாயார் கனகத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆசையாக முந்தானையைத் தொட்டுப் பார்த்தவர், அதை மூக்கருகே கொண்டுபோனார்.

“பொண்ணு லட்சணமாத்தான் கீது. பொடவைதான் தோல் நாத்தம். எங்க ஊட்ல யாரும் சோறு துன்ன முடியாதே” என்றார்.

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ராஜம்மா அழுதார். கனகம் அந்தப் புடவையைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போனாள். எங்கள் மனிதர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரம்பமும் உளியும் வாங்கி வந்தார்.

“இன்னாத்துக்கு இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“பொட்டி செய்யப் போறேன். தகரப் பொட்டியில மூடிச் சந்து வழியா நாத்தம் பூருது. தச்சன் செய்ற பொட்டியில ஆணி அடிச்ச எடம் வெடிச்சு, அது வழியா பூருது. என் பொட்டிக்கு ஆணி வேணாம்.”

“அப்ப வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவீங்களா?”

“வஜ்ஜிரத்த எதப் போட்டுக் காய்ச்சறாங்க? தோலப் போட்டுத்தானே? அதுவும் வேணாம்.”

தோல் வாங்க வந்த துரை ஒருவரிடம் அவர் ஒரு பெட்டியைப் பார்த்திருந்தார். ஒரு பலகையின் முனையைப் புறாவின் விரிந்த வால் மாதிரி பல் பல்லாக வெட்டி, அடுத்த பலகையில் அதே அளவுக்குக் குழி வெட்டி, இரண்டையும் கோத்த பெட்டி. அவர் எனக்கு இரண்டு கைகளின் விரல்களையும் கோத்துக் காட்டினார். விரல் கோப்பது எளிதாகத்தான் இருந்தது.

பலகைகள் வந்தன. பக்கத்துக்குத் தேக்கு, முன்னும் பின்னும் மஞ்சள் பலா. பழுப்பும் மஞ்சளும் மூலையில் மாறி மாறித் தெரிந்தால் சம்பந்தி வீட்டார் மயங்கிவிடுவார்கள் என்றார். முதல் மூலையில் இரண்டு பலகையிலும் பல்லையே வெட்டிவிட்டார். குழியை மறந்துபோனார்.

எங்கள் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி பஷீர் பாய் வந்து பார்த்தார். “தோஸ்த், ரெண்டு பேரும் பல்லக் காட்டினா யாரு யாரக் கடிக்கறது?”

வீணான முனையை அறுத்துவிட்டு மறுபடி வெட்டினார். இந்த முறை பல் பெருத்தது, பலகை பிளந்தது. அறுத்தார். அடுத்த முறை பல் சிறுத்து, மூலை ஆடியது. மறுபடி அறுத்தார். ஒவ்வொரு மூலையையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் “கழிவு” என்பார். கல்யாணச் சீர் மொத்தமும் கொள்ள வேண்டிய பெட்டி, பட்டுப் புடவைகளுக்கான பெட்டியாகி, பிறகு ஒரே புடவைக்கான பெட்டியாகிவிட்டது.

“கல்யாணத்துக்குள்ள மூக்குப்பொடி டப்பா ஆயிடும்” என்றார் ராஜம்மா.

ஆணிவேணாம் சிரிக்கவில்லை. விரலெல்லாம் துணிக்கட்டு. “இத்தினி வருசம் அடுத்தவன் சரக்கக் கழிச்சேன் பாய். இப்ப என்னியே கழிக்க வேண்டியதா பூட்ச்சு” என்று பஷீர் பாயிடம் சொன்னார்.

ஒருவழியாக மழைக்காலத்தில் பெட்டி முடிந்தது. மூலைகளில் வெளிச்சம் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் ‘பொக்’ என்று காற்று வாங்கியது. வேறு யாரையும் நம்பாமல், கனகத்தின் புதுப் பட்டைத் தானே மடித்து வைத்துச் சில நாள் மூடி வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பஷீர் பாய் முகர்ந்தார். அவருக்கும் தெரியவில்லை.

“நாங்க சொன்னா செல்லாது. ஷாப்புல இருக்கறவனுக்கு ஏது மூக்கு?” என்றார் பாய்.

அதனால் மூக்குள்ள மனிதரைத் தேடி நானும் ஆணிவேணாமும் ரயிலேறிக் காட்பாடிக்குப் போனோம். சென்னப்பட்டணத்து வண்டியிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“பொட்டிய இன்னும் தொறக்கலியே தாயி” என்றார் ஆணிவேணாம்.

“பொட்டி இல்லப்பா. நீங்க ரெண்டு பேரும்தான்.”

பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நாங்கள் தண்ணீர்க் குழாய் வரைக்கும் விலகிப்போய் நின்றோம். பாவம், நல்ல அம்மாள். மூடியைத் திறந்து, புடவையை எடுத்து, பொறுமையாக முகர்ந்தார்.

“பொட்டி ரொம்ப அழகு. ஆனா பொடவையில அதே வாசனைதான்” என்றார். “யாரு மடிச்சு வச்சது?”

ஆணிவேணாம் தன் கைகளைப் பார்த்தார். தோல் பதனிடும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய கைகள். உள்ளே போன வாசனை வெளியே போக ஒரு சந்துகூட விடாமல் செய்திருந்தார்.

“நான்தாம்பா நாத்தம்” என்றார் என்னிடம். ஊர் திரும்பும்வரை கைகளைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் கனகம் சொன்னாள், “எனக்கு ஆற்காடும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வாசன நாத்தமாத் தெரியாத ஊடா பாருப்பா.”

“நீயாவது இதவுட்டு வெளிய பூடணும்னு பாத்தேனே” என்றார் அவர்.

வாணியம்பாடியில் அப்படி ஒரு வீடு இருந்தது. எதிரே தோல் ஷாப்பு, பின்னால் தோல் ஷாப்பு. மாமியார் முந்தானையைத் தொட்டுப் பார்த்து ஜரிகையைப் பற்றி மட்டும் பேசினார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆணிவேணாம் மட்டும் தாலி கட்டும்போதுகூடத் தூணோரம் ஒதுங்கி நின்றார்.

கனகம் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று பெட்டியை ரயிலில் ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார். தான் தொடமாட்டாராம். பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். கனகம் கல்யாணப் புடவையோடு அவ்வளவு தூரமும் நடந்து போனாள். அவர் பின்னால் மறைத்துவைத்த கைகளை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ரயில் போனபிறகும் அவர் கைகளைத் தாழ்த்தவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த மனிதரைத் தனியாக நிற்கவிட எனக்கு மனசு வரவில்லை.